சிவப்பு வந்தால் விடுதலை

இப்போதெல்லாம் எவனும் எதிரே நிற்கிறவன் மூஞ்சியைப் பார்ப்பதில்லை. மணிக்கட்டில் எரிகிற விளக்கைப் பார்க்கிறான். "என்னப்பா, காய்ச்சலா?" என்று கேட்டால் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இல்லையே, பச்சைதானே" என்கிறான். உடம்பு அனலாகக் கொதிக்கும். மாட்டுச் சந்தையிலும் இதே கூத்துதான். மாட்டின் காதில் ஒரு வில்லை தொங்குகிறது. போனை அதற்கு நேரே பிடித்தால் வயசு, கறவை, சீக்கு எல்லாம் வந்துவிடுமாம். வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறவன் கிடையாது. வீட்டில் கொண்டுபோய்க் கட்டினபிறகு மாடு நொண்டினால், "வில்லையில அப்படி இல்லையே" என்று மாட்டோடு சண்டைக்கு நிற்கிறான்.

என் பேர் ஒச்சப்பன். மாட்டுத் தரகன். ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊரில்தான் இப்படி என்று மற்ற ஊர்க்காரன் நிம்மதியாகிவிடுவான்.

முன்பு ஸ்டேசனில் ஆள் செத்தால் நெஞ்சுவலி என்பார்கள். கை கால் உடைந்தால் பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்பார்கள். ஸ்டேசன் பாத்ரூமைப் போல வழுக்குகிற இடம் உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. மாவுக்கட்டுப் போட்டவனை ஜட்ஜய்யா முன்னால் நிறுத்துவார்கள். "போலீஸ் மேல ஏதும் புகார் உண்டா?" என்று அவர் கேட்பார். அவன் பக்கத்தில் நிற்கிற போலீஸைப் பார்த்துக்கொண்டே, "இல்லைங்கய்யா" என்பான். இப்படியே செத்துச் செத்து, பேப்பரில் வந்து வந்து, கடைசியில் கவர்மெண்டு கைதிகளுக்கென்று இதே மாதிரி விளக்கு வைத்த ஒரு பட்டையைக் கொண்டுவந்தது. பிடித்துக்கொண்டு போகிற எவனாக இருந்தாலும் இடது கையில் பட்டையை மாட்டிப் பூட்ட வேண்டும். அதன்பிறகு மூன்று வருசமாக எந்த ஸ்டேசனிலும் ஒரு சாவு கிடையாது. ஜெயிலிலும் கிடையாது. டி.வி.யில் கேக் வெட்டினார்கள்.

எனக்கு அப்போதே சந்தேகம். அடிக்கிற கை அப்படியே இருக்கிறது, சாவு மட்டும் எங்கே போயிற்று?

தெரிந்துகொள்கிற நாள் வந்தது. யூனியன் சேர்மனின் ஜல்லிக்கட்டுக் காளையைக் காணவில்லை. தரகனுக்குத் தெரியாமல் மாடு கைமாறாது என்று, சந்தை நாள் காலையில் என்னையும் தவசியையும் ஜீப்பில் ஏற்றினார்கள். தவசி என் தங்கச்சி மகன். என் மகள் பேச்சியைக் கட்டியவன். எனக்குப் பிள்ளைக்குப் பிள்ளை, தொழிலுக்குக் கூட்டாளி.

ஸ்டேசனில் ஏட்டு சுந்தரவேல் எங்களை ஜட்டியோடு நிறுத்திவிட்டுப் பட்டையை மாட்டினார்.

"கையை நீட்டுங்க பெரியவரே. இனிமே உங்க உசுருக்கு நான் ஜவாப்தாரி."

"என் உசுருக்கு நீ எதுக்குய்யா ஜவாப்தாரி? நான் என்ன கேஸ் சிலிண்டரா?" என்றேன்.

தவசி சிரித்துவிட்டான். சிரித்ததற்கு ஒரு அறை. அவன் பட்டை பச்சையாகவே இருந்தது.

"பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல," என்றார் ஏட்டு. "பச்சைன்னா சௌக்கியம். மஞ்சள்னா கொஞ்சம் பாத்து. சிவப்புன்னா நெஞ்சு நிக்கப் போகுதுன்னு மிசின் முன்கூட்டியே சொல்லுது. சிவப்பு வந்தவன நாங்க வச்சிருக்கப்படாது. சட்டம். வலது பெருவிரல பட்டையில இருக்கிற இந்தக் கண்ணாடியில வச்சா, 'நான் என் இஷ்டத்துல வெளிய போறேன்'னு அர்த்தம். அந்த நேரத்தோட விடுதலை. பட்டை தானாக் கழண்டுக்கும். ஆம்புலன்ஸுக்கும் அதுவே தாக்கல் சொல்லிரும்."

"விரல வைக்க மாட்டேன்னா?"

"விடுதலைய வேணாம்பானா எவனாச்சும்?"

தவசி கேட்டான்: "செத்தவன் விரல எடுத்து வச்சாலும் கழலுமா?"

"கழலாது தம்பி. விரல்ல துடிப்பு இருக்கணும். எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க." அவரே உட்கார்ந்து செய்ததுபோலச் சொன்னார்.

தவசி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் செல்லக்கண்ணு ஞாபகம்தான். சந்தையில் கயிறு விற்கிற சீனியம்மாளின் மகன் அவன். போன மாசிக்கு அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மத்தியானம் ஒரு ஆட்டோவில் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியோரம் கிடத்திவிட்டுப் போனார்கள். சீனியம்மா ஓடிவந்தபோது தொட்டியைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். கண்ணை மூடத்தான் அவள் வரவேண்டியிருந்தது. ஸ்டேசனில் கேட்டதற்கு, "சிவப்பு வந்துச்சு, விரல வச்சான், விட்டுட்டோம். அதுக்கப்புறம் அவன் எங்க போனான், என்ன ஆனான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள். ஆம்புலன்ஸ் வந்ததாகக் கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

சாவு எங்கே போயிற்று என்று எனக்கு அந்த நிமிசம் விளங்கிவிட்டது. வாசற்படிக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் குணசீலன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. "அண்ணே, காளை எங்கண்ணே?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். தெரியாது என்றேன். பின்பக்கத்து ரூமுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அங்கே கேமரா கிடையாது.

முதலில் எனக்கு. உள்ளங்காலில் பிளாஸ்டிக் பைப். நாலைந்து அடியில் பட்டை மஞ்சளாகிவிட்டது. அடித்தவன் நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பச்சை வந்ததும் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு எழுந்தான். எனக்கு அப்போதுதான் அந்தப் பட்டை யாருக்காகச் செய்தது என்று தெரிந்தது. முன்பெல்லாம் அடிக்கிறவனுக்கு ஒரு பயம் இருக்கும், எங்கே செத்துத் தொலைவானோ என்று. இப்போது அந்தப் பயம் போய்விட்டது. எவ்வளவு தாங்குவான் என்று விளக்கே சொல்கிறது.

"கிழவன் சீக்கிரம் மஞ்சளாகுறான் சார்."

"அப்ப சின்னவனக் கொண்டா. பட்டையப் பாத்து அடிங்கய்யா," என்றார் குணசீலன்.

தவசிக்கு முப்பது வயசு. அடங்காத காளையை ஒற்றைக் கையில் இழுத்துக் கட்டுவான். அவனுக்கு மஞ்சளே வரவில்லை. பச்சையாக இருக்கிறது, பச்சையாக இருக்கிறது என்று அடித்துக்கொண்டே இருந்தார்கள். என்னைப் பக்கத்து லாக்கப்பில் போட்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு அடியும் கேட்டது. முதலில் திட்டினான். பிறகு அம்மாவைக் கூப்பிட்டான். பிறகு, "சொல்றேன், சொல்றேன், எங்க வேணாலும் இருக்குன்னு சொல்றேன்" என்றான். தொடைமேல் உலக்கையை வைத்து, ரெண்டு பேர் அதன்மேல் ஏறி நின்று உருட்டினார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்குக் கேட்டதெல்லாம் ஈரத்துணியைப் பிழிகிறபோது வருகிற மாதிரி ஒரு சத்தம். அது அவன் தொண்டையிலிருந்து வந்தது.

திடீரென்று, "டேய், மஞ்சள் வராம நேரா சிவப்புக்குப் போகுதுடா!" என்று ஒருவன் கத்தினான்.

இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டார்கள். லாக்கப்பில் கேமரா உண்டு, விடுதலை அங்கே வைத்துத்தான் நடக்க வேண்டும். ஏட்டு என்னுடைய துண்டையே கொண்டுவந்து எறிந்தார். "பெரியவரே, தரையில ரத்தத்தத் தொடைச்சிருங்க. கேமராவுல நல்லா இருக்காது."

தவசிக்குத் தொடை ரெண்டும் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி ஆகியிருந்தது. மூக்கில் ரத்தம். பட்டை மஞ்சளுக்கும் சிவப்புக்குமாக விட்டுவிட்டு எரிந்தது.

"மாமா, மூச்சு முட்டுது."

"பேசாதடா."

"விரல வச்சா செல்லக்கண்ணு மாதிரி தூக்கிப் போட்டுருவாங்க மாமா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லு."

கவர்மெண்டு ஆஸ்பத்திரி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம்தான். லாக்கப் கம்பி வழியாகப் பார்த்தால் அதன் கேட் தெரியும். நான் கத்தினேன்.

"டாக்டரக் கூப்பிடுங்கய்யா! இந்தா இருக்கு ஆஸ்பத்திரி!"

"விரல வைக்கச் சொல்லுங்கண்ணே. வெளிய போயி எந்த டாக்டரயும் பாத்துக்கட்டும்," என்றார் குணசீலன்.

"நடக்க முடியாதவன் எங்கய்யா போயிப் பாப்பான்? டாக்டர இங்க வரச்சொல்லு."

"டாக்டர் இங்க வந்தா உடம்பப் பாப்பாரு. பாத்தா எழுதுவாரு." இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், மழை வந்தால் நனையும் என்கிற மாதிரி.

எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் யாவாரம் தெரியும். எதிராளிக்கு எது வேண்டும் என்று தெரிந்தால்தான் பேரம். இவர்களுக்கு வேண்டியது அந்தப் பெருவிரல். தவசி இவர்கள் கையில் இருக்கிற வரைக்கும்தான், அவன் செத்தால் இவர்கள் தலை உருளும். டாக்டரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். விரல் கண்ணாடியில் பட்டுவிட்டால் அவன் ரோட்டில் கிடக்கிற யாரோ ஒருவன். விரலைக் கொடுக்கக்கூடாது. உயிரைக் காப்பாற்ற அது ஒன்றுதான் என் கையில் இருந்தது.

சந்தையில் நாங்கள் வாயால் விலை பேச மாட்டோம். கைமேல் துண்டைப் போட்டு, கீழே விரலைப் பிடித்துப் பேசுவோம். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பேச்சு முடிகிறவரை கையை விடக்கூடாது, அது சந்தைச் சட்டம். வேண்டாம் என்றால் எதிராளியின் உள்ளங்கையில் நகத்தால் ஒரு கீறு. நகம் பட்ட நிமிசம் விட்டுவிட வேண்டும்.

தவசியின் வலது கையை எடுத்து என் வலது கையோடு சேர்த்தேன். அவன் பெருவிரலை என் பிடிக்குள் மடக்கிக்கொண்டேன். ரத்தம் துடைத்த துண்டை மேலே போட்டேன். அவனுக்குப் புரிந்தது. என் விரல்களை ஒருமுறை அழுத்தினான்.

"விடச் சொன்னா கீறு," என்று காதில் சொன்னேன். "கீறலைன்னா விட மாட்டேன்."

கதவைத் திறந்து நாலு பேர் வந்தார்கள்.

"கையை எடு கிழவா."

"டாக்டரக் கூப்பிடு, எடுக்கிறேன்."

முதல் மிதி விலாவில். நான் தவசியின் கைமேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். முதுகில் லத்தி விழுந்தது. பிடரியில் பூட்ஸ். துண்டைப் பிடித்து இழுத்தார்கள். இடது கையால் அதைச் சுருட்டி என் வயிற்றுக்குக் கீழே அமுக்கினேன். ஒருவன் என் விரலைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகப் பின்னால் வளைத்தான். சுண்டுவிரல் ஒடிந்தது. சுள்ளி ஒடிகிற சத்தம். அடுத்த விரலும் ஒடிந்தது. மற்ற விரல்கள் பிடித்துக்கொண்டிருந்தன.

"சார், கிழவனுக்கும் சிவப்பு வந்துரும் போல."

"வந்தா அவன் விரலயும் வை. ரெண்டு பேரும் விடுதலை," என்றார் குணசீலன்.

"கேமரா ஓடுது சார்."

"அப்ப அடிக்காத. பிடிச்சுத் தூக்கு. அந்தப் பெருவிரல எடுங்கய்யா முதல்ல!" அப்போதுதான் முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "நேரம் போகுது!"

"ஆஸ்பத்திரி எதிர்லதானய்யா இருக்கு!" என்று நானும் கத்திக்கொண்டே இருந்தேன். "நாலு பேர் இருக்கீங்க, விரலப் பிடிக்கிற நேரத்துக்கு ஆளத் தூக்கிட்டுப் போயிருக்கலாமேடா!"

ஒருவனுக்கும் அது தோன்றவில்லை. நாலு பேரும் விரலையே பிடித்து இழுத்தார்கள். என் கைக்குள் தவசியின் கை சூடாக இருந்தது. வியர்த்தது. உள்ளங்கையில் நகம் படுகிறதா, படுகிறதா என்று அதிலேதான் என் உசிர் இருந்தது. படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வியர்வை நின்றுவிட்டது.

ஏட்டுதான் முதலில் பார்த்தார். தவசியின் பட்டையில் விளக்கே இல்லை.

என் கையைப் பிரித்து, தவசியின் பெருவிரலைக் கண்ணாடியில் வைத்து வைத்து அழுத்தினார்கள். துடைத்துவிட்டு அழுத்தினார்கள். உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்கி அழுத்தினார்கள். பட்டை கழலவில்லை. பட்டையோடுதான் அறுத்துப் பார்க்கக் கொண்டுபோனார்கள், அதே எதிர்த்த ஆஸ்பத்திரிக்கு.

பிறகு நடந்ததெல்லாம் பேப்பரில் வந்ததுதான். மூன்று வருசத்துக்குப் பிறகு முதல் காவல் சாவு. குணசீலனும் மற்றவர்களும் உள்ளே போனார்கள். அவர்கள் கையிலும் பட்டை மாட்டியிருப்பார்கள். சேர்மனின் காளை அவர் மச்சினன் தோப்பிலேயே மேய்ந்துகொண்டிருந்தது. பேச்சி என்னோடு பேசுவதில்லை. "அப்பா, நீங்க கைய விட்டிருந்தா?" என்று ஒருதடவை ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. அதற்குப் பிறகு சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள்.

போன வாரம் மதுரையில் ஒரு மண்டபத்துக்கு என்னை வரச்சொன்னார்கள். புதுப் பட்டை வருகிறதாம், அதன் அறிமுகம். சுவரில் பெரிய திரை. அதில் ஒரு கோடு மேலேயிருந்து இறங்கித் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. செத்தவர்களின் கணக்காம். படுத்த கோட்டுக்கு மேலே ஓரத்தில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. யாரும் சொல்லாமலே தெரிந்தது, அது எங்கள் தவசி.

பட்டையைச் செய்த பிள்ளை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேர் இளவேனி. என் மகள் வயசுதான் இருக்கும். கண்ணெல்லாம் தூங்காத கண்.

"அய்யா, அந்தக் கேமராப் பதிவ நான் முழுக்கப் பாத்தேன்," என்றாள்.

"பாத்துட்டு?"

"அதுக்கப்புறம்தான் இதச் செஞ்சோம். புதுப் பட்டைக்கு விரல் வேண்டாம். சிவப்பு வந்தா அதுவே விடுதலை பண்ணிரும், அதுவே கழண்டுரும். போலீஸும் தடுக்க முடியாது. வேற யாரும் தடுக்க முடியாது."

வேற யாரும் என்றது என்னை.

"அப்ப, அடி விழுந்துக்கிட்டு இருக்கும்போதே சிவப்பு வந்தா?"

"அந்த நொடியே அவர் சுதந்திரமான மனுசர்."

"லத்தி இறங்கும்போது கைதி, முதுகுல படும்போது சுதந்திர மனுசனா? நல்லா இருக்கு தாயி. இனிமே அவனுக ஆட்டோ வாடகை மட்டும்தான் பாக்கணும்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. கெட்ட பிள்ளை இல்லை. "இது உயிரக் காப்பாத்தச் செஞ்சதுய்யா. சிவப்பு வந்து அரை மணி நேரத்துக்கு மேல அவகாசம் இருக்கு. அந்த நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போனவங்க நெறையப் பேரு பிழைச்சிருக்காங்க. அதுவும் நிஜம். ஆம்புலன்ஸ்..."

"செல்லக்கண்ணுக்கு வந்துச்சா?"

"வந்ததாப் பதிவாகியிருக்கு."

"சீனியம்மாவக் கேட்டியா?"

திரையிலிருந்த சிவப்புப் புள்ளியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "பதிவுல ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியல. அந்தத் துண்டுக்குக் கீழ என்னய்யா நடந்துச்சு?"

யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். ஏன் என்று தெரியவில்லை. சந்தைப் பழக்கத்தைச் சொன்னேன். நகத்தைச் சொன்னேன். கீறினால் விட்டுவிடுவேன் என்று காதில் சொன்னதைச் சொன்னேன்.

"கீறல," என்றேன். "கடைசி வரைக்கும் கீறல. அவனுக்கும் அதுதான் சம்மதம்."

என்னுடைய கோணல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "கீறுற அளவுக்கு அவருக்கு அப்பத் தெம்பு இருந்துச்சாய்யா?"

மேடையில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாரோ பெரிய அதிகாரி புதுப் பட்டையை எனக்கு மாட்டிவிடுவாராம், படம் எடுப்பார்களாம். நான் எழுந்தேன். மேடைப் பக்கம் போகவில்லை.

"அய்யா, நான் குத்தம் சொல்லணும்னு கேக்கல," என்று அவள் பின்னாலேயே வந்தாள்.

"உன் மிசினு நல்ல மிசினுதான் தாயி. அத மாட்டுற கையை மாத்திட்டு வந்து சொல்லு, அப்ப நம்புறேன்."

வெளி வாசலில் புது ஆம்புலன்ஸ் ஒன்று மாலை போட்டு நின்றது. டிரைவர் ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். கண்ணாடியைத் தட்டினேன்.

"ஏம்ப்பா, கூப்பிட்டா வருமா இது?"

"இது பார்வைக்கு வச்ச வண்டிங்க பெரியவரே. பேட்டரியே இன்னும் மாட்டல."

"மாட்டுனா வருமா?"

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "கூப்பிட்டுப் பாருங்க," என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

உள்ளே கைதட்டினார்கள். எனக்குப் பதிலாக வேறு எவனுக்கோ மாட்டியிருப்பார்கள். பஸ் ஸ்டாப்பில் நாலைந்து பேர் நின்றார்கள், ஆளுக்கொரு பச்சை விளக்கோடு. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. வெயிலில் ரோட்டோரமாக நடந்தேன். வலது கையை மூடியே வைத்திருந்தேன். படித்த பிள்ளை, ஆயிரம் கேட்பாள். நகம் படவில்லை. படவில்லை என்றுதான் சொல்வேன்.